மனைவியை விட்டுப் போனவர்களும் கணவனைக் கூட்டிப் போக முடியாதவர்களும்



போன வாரம் மஃரிபுக்குப் பிறகு என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி தன் மாப்பிள்ளையோடு வீட்டுக்கு வந்தாள். அவள் கையில் ஒரு ஃபைல். மாப்பிள்ளையின் தோளில் ஒன்றரை வயதுக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரத்தில் ஒரு வருட முதுமாணிப் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. மாஷா அல்லாஹ், கெட்டிக்காரப் பிள்ளை. வகுப்பில் கேள்வி கேட்டே என்னைக் களைப்பாக்கியவள்.

"ஏஜென்சியில சொல்றாங்க சேர், முதல்ல நான் மட்டும் போகட்டுமாம். ஒரு வருஷம் முடிஞ்சு பி.எஸ்.டபிள்யூ எடுத்த உடனே இவரையும் பிள்ளையையும் கூப்பிட ஏலுமாம்."

அடுத்த திங்கட்கிழமை முற்பணம் கட்ட வேண்டும். அதற்காக அவளுடைய உம்மாவின் நகை அடகுக்குப் போக இருந்தது. "ரெண்டு நாள் பொறுங்க, நானும் ஒருக்காப் பார்க்கிறேன்" என்று சொல்லி அனுப்பினேன். பார்த்தேன். ஏஜென்சி சொன்னது பிழை. ஏன் பிழை என்பதைக் கீழே எழுதுகிறேன். ஆனால் அதைத் தேடப் போன இடத்தில் ஒரு நீண்ட கதை கிடைத்தது. வரலாற்று வாத்தியாருக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பொறுமையாக வாசியுங்கள். கதையில் என் பங்கும் கொஞ்சம் இருக்கிறது.

வீசா இல்லாத காலத்திலிருந்து தொடங்குவோம்.

1888 செப்டெம்பர் 4ஆம் திகதி மோகன்தாஸ் காந்தி பம்பாயில் கப்பல் ஏறினார். பரிஸ்டர் படிப்புக்காக லண்டன் பயணம். வயது 18. மனைவி கஸ்தூரிபாவும் பிறந்து சில மாதமேயான மகனும் ஊரில். செலவுக்கு மனைவியின் நகைகளை விற்கலாமா என்று யோசித்ததாகத் தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். நகை அன்றும் இதே கதைதான். இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதுகிறார். லண்டனில் இருந்த இந்திய மாணவர்கள் பலர் கல்யாணம் முடித்ததை மறைத்து இளைஞர்களாகப் பழகினார்கள், தானும் அப்படித்தான் நடந்துகொண்டேன் என்று. திரும்பி வந்தது 1891இல்.

முகம்மது அலி ஜின்னாவை லண்டனுக்கு அனுப்ப முன், வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவானோ என்ற பயத்தில், உம்மா அவருக்கு எமிபாய் என்ற பெண்ணை முடித்து வைத்ததாகச் சொல்லப்படுகிறது. அப்போது ஜின்னாவுக்கு வயது பதினாறு. அவர் லண்டனில் இருந்தபோதே எமிபாய் இறந்துபோனார். மகனைத் திரும்பக் காணாமலே தாயும் இறந்துபோனார்.

அல்லாமா இக்பால் 1905இல் கேம்பிரிட்ஜுக்குப் போனார். பிறகு ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம். 1908இல் திரும்பினார். மனைவி கரீம் பீவியும் பிள்ளைகளும் ஊரில்தான் இருந்தார்கள். திரும்பிய பின்னும் அந்தக் குடும்ப வாழ்க்கை பழைய நிலைக்கு வரவில்லை. இருவரும் பிரிந்தே வாழ்ந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்த மூவரில் யாருக்கும் வீசா தேவைப்படவில்லை. அவர்கள் பிரித்தானியப் பேரரசின் பிரஜைகள். மனைவியைக் கூட்டிப் போகக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தடுத்தவை பணம், வழக்கம், "பொம்பளைப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை" என்ற கேள்வி. அவ்வளவுதான்.

நம் தமிழ் உலகுக்கு மிக நெருக்கமான கதை கணிதமேதை இராமானுஜனுடையது. 1909இல் அவருக்குக் கல்யாணம். மணப்பெண் ஜானகிக்கு வயது பத்து. 1914 மார்ச் 17ஆம் திகதி இராமானுஜன் சென்னையிலிருந்து நெவாசா என்ற கப்பலில் இங்கிலாந்து போனார். ஜானகி மாமியாரோடு இருந்தார். சில மாதங்களில் முதலாவது உலக யுத்தம் தொடங்கியது. மரக்கறி கிடைப்பதே கஷ்டமான ஊரில் அவர் தானே சமைத்துச் சாப்பிட்டார், பல நேரம் சாப்பிடாமலும் இருந்தார். நோயில் விழுந்தார். கணவன் மனைவிக்கிடையில் எழுதப்பட்ட கடிதங்கள் போய்ச் சேரவில்லை. மாமியார் அவற்றைத் தடுத்துவிட்டார் என்று ஜானகியம்மாள் பிற்காலத்தில் சொன்னார்.

1918இல் இராமானுஜன் லண்டன் ரோயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1919இல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26ஆம் திகதி 32ஆவது வயதில் காலமானார். அந்தக் கடைசி ஒரு வருடம்தான் ஜானகிக்குக் கிடைத்த கல்யாண வாழ்க்கை. அதுவும் நோயாளியைப் பராமரித்த வாழ்க்கை. பின்னர் அவர் தையல் வேலை செய்து வாழ்ந்து 1994இல் காலமானார். உலகம் இராமானுஜனின் ஐந்து கேம்பிரிட்ஜ் வருடங்களைக் கொண்டாடுகிறது. அந்த ஐந்து வருடத்தின் மறுபக்கத்தை ஒரு பிள்ளை ஊரில் இருந்து கழித்தது.

நம் கிழக்குப் பகுதி வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். அதனால் நம் பெண்களுக்கு ஜானகியின் நிலைமை பெரும்பாலும் வருவதில்லை. கணவன் கட்டாருக்குப் போனாலும் சவூதிக்குப் போனாலும் அவள் தன் உம்மாவோடுதான் இருப்பாள். அது நல்ல வழக்கம். ஆனால் "அவள் உம்மாவோடுதானே இருக்கிறாள், பிறகென்ன" என்று நினைத்து வருடக்கணக்கான பிரிவை நாம் சர்வசாதாரணமாக எடுத்துக்கொண்டதற்கும் அந்த வழக்கமே ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் படிக்கப் போன ஆண்கள். படிக்கப் போனவள் மனைவியாக இருந்தால்?

அப்படியும் ஒரு கதை இருக்கிறது. மராட்டியப் பெண் ஆனந்திபாய் ஜோஷி. ஒன்பது வயதில் கல்யாணம். பதினான்கு வயதில் பெற்ற குழந்தை பத்தே நாளில் இறந்தது. பெண்களுக்குப் பெண் வைத்தியர் வேண்டும் என்று அன்று முடிவெடுத்தார். 1883 ஏப்ரலில், 18 வயதில், கல்கத்தாவிலிருந்து தனியாகக் கப்பல் ஏறி அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கணவர் கோபால்ராவ் தபால் திணைக்கள ஊழியர். அவர்தான் மனைவியைப் படி படி என்று தூண்டியவர். ஆனால் மனைவி தனியாகப் போன பிறகு அவர் எழுதிய கடிதங்களில் சந்தேகமும் சுடுசொல்லும் இருந்தன. 1886 மார்ச்சில் ஆனந்திபாய் வைத்தியப் பட்டம் பெற்றார். நாடு திரும்பிய சில மாதங்களில், 1887 பெப்ரவரியில், காச நோயால் இறந்தார். அப்போது அவருக்கு 22 வயதுகூட நிறைந்திருக்கவில்லை.

தூண்டிய கணவனுக்கே தூரம் இப்படிச் செய்தது.

இனிச் சட்டத்தின் கதைக்கு வருவோம்.

1948ஆம் ஆண்டின் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டப்படி, சுதந்திரம் பெற்ற இலங்கையின் குடிமக்களும் பொதுநலவாயக் குடிமக்கள் என்ற முறையில் அந்த நாட்டுக்குள் தடையின்றிப் போகலாம். மனைவியோடும் போகலாம். அந்தக் கதவை 1962ஆம் ஆண்டின் பொதுநலவாயக் குடிவரவாளர் சட்டம் முதன்முறையாக ஒருக்களித்துச் சாத்தியது. பிறகு 1971இல் புதிய குடிவரவுச் சட்டம் நிறைவேறி 1973 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் எழுதப்பட்ட விதிகளில், மாணவனுடைய மனைவியும் பிள்ளைகளும் அவனோடு வந்து இருக்கலாம் என்று இருந்தது.

சொல்லைப் பாருங்கள். "மனைவி." படிக்க வருபவன் ஆண், கூட வருபவள் பெண் என்பதுதான் விதியை எழுதியவர்களின் மனப்படம். படிக்க வரும் பெண்ணின் கணவனுக்கு அந்த வரியில் இடமில்லை. நம்மவர்கள்தான் பெண்ணைக் கட்டுப்படுத்துகிறார்கள் என்று சொல்லும் நாடுதான் இந்த விதியை எழுதியது!

இந்தப் பாகுபாடு ஒருநாள் நீதிமன்றத்துக்குப் போனது. மாணவர் வழக்கு அல்ல, பிரித்தானியாவில் நிரந்தரமாகக் குடியிருந்த மூன்று பெண்களின் வழக்கு. நர்கீஸ் அப்துல் அஸீஸ், ஆர்செலி கபலேஸ், சுஹைர் பல்கண்டலி. ஓர் ஆண் மனைவியை அழைக்கலாம் என்றால், நாங்கள் ஏன் கணவனை அதேபோல் அழைக்க முடியாது என்று கேட்டார்கள். 1985 மே 28ஆம் திகதி ஸ்ட்ராஸ்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் இது பால் அடிப்படையிலான பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. பிரித்தானிய அரசு என்ன செய்தது தெரியுமா? பெண்களுக்கு இலகுவாக்கவில்லை. ஆண்களுக்கும் கஷ்டமாக்கிச் சமப்படுத்தியது.

அதே 1985இல்தான் இலங்கையருக்கு வீசா கட்டாயமானது. இங்கே யுத்தம் மூண்டு தமிழ் மக்கள் அகதிகளாக லண்டனுக்குப் போகத் தொடங்கிய காலம். பொதுநலவாய நாடுகளில் இப்படி வீசா விதிக்கப்பட்ட முதல் நாடு நம் நாடு.

1994இல் விதிகள் முழுமையாகத் திருத்தித் தொகுக்கப்பட்டபோது, மாணவர் பகுதியில் "மனைவி" இல்லை. "வாழ்க்கைத்துணை" என்ற பொதுச்சொல் இருந்தது. படிக்க வரும் பெண் தன் கணவனையும் கூட்டி வரலாம். அவளுக்குக் கொடுக்கப்பட்ட வீசா 12 மாதமோ அதற்கு மேலோ என்றால் அவன் வேலையும் செய்யலாம். அரச உதவிப்பணம் கேட்காமல் வாழக் காசு இருப்பதைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இங்கேதான் என் பங்கு வருகிறது.

1997இல் என் மனைவிக்கு, அவரும் ஆசிரியைதான், இங்கிலாந்தில் ஒரு வருட ஆங்கில ஆசிரியர் பயிற்சிக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. எங்கள் மூத்த பிள்ளைக்கு மூன்று வயது. வீட்டில் பேச்சு ஒரு நாள்கூட நீடிக்கவில்லை. பொம்பளை தனியா எப்படிப் போறது? பிள்ளையை விட்டுட்டு எப்படிப் போறது? என் உம்மா கேட்டார், அவருடைய வாப்பா கேட்டார், நானும் கேட்டேன். வர முடியாது என்ற பதில் கடிதத்தை எழுதியது நான்தான், என் கையெழுத்து அழகு என்பதால். அவர் கீழே ஒப்பம் மட்டும் வைத்தார்.

பல வருடங்களுக்குப் பிறகு வேறொரு பிள்ளைக்கு உதவப் போய்ப் பழைய விதிகளை வாசித்தபோதுதான் அந்த "வாழ்க்கைத்துணை" என்ற சொல்லைக் கண்டேன். நானும் பிள்ளையும் கூடப் போயிருக்கலாம். செலவுக்கு வழி இருந்திருக்குமா, எனக்குச் சம்பளமில்லா விடுமுறை தந்திருப்பார்களா என்பதெல்லாம் வேறு கேள்விகள். ஆனால் நாங்கள் எந்தக் கேள்வியையும் கேட்கவில்லை. கதவு பூட்டியிருக்கிறதா என்று தள்ளிக்கூடப் பார்க்காமல் திரும்பி வந்தோம். இதை மனைவியிடம் சொன்னேன். "அப்ப நீங்க கேக்கவும் இல்லையே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்தப் புலமைப்பரிசில் கடிதம் இன்றும் அலுமாரியில், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு இருக்கிறது.

சரி, கதவு எப்போது மூடியது?

முதல் இறுக்கம் 2011 ஜூலையில். அதன் பிறகு, அரசு அனுசரணையில் போகிறவர்களைத் தவிர, பல்கலைக்கழகங்களில் பட்டப்பின் படிப்பு படிப்பவர்கள் மட்டுமே குடும்பத்தை அழைக்கலாம். படிப்பு 12 மாதமாவது இருக்க வேண்டும். டிப்ளோமா, இளமாணி மாணவர்களுக்கு இல்லை. 2012இல் படிப்புக்குப் பின்னான வேலை வீசாவையும் நிறுத்தினார்கள்.

பிறகு காற்று மாறியது. 2020 ஒக்டோபரில் புதிய மாணவர் வீசா முறை வந்தது. முதுமாணிப் படிப்பு ஒன்பது மாதம் இருந்தாலே குடும்பத்தை அழைக்கலாம் என்றார்கள். 2021 ஜூலை 1இல் கிராஜுவேட் வீசா வந்தது. நம்மூரில் இன்னும் பழைய பெயரில் பி.எஸ்.டபிள்யூ என்று சொல்வது இதைத்தான். மாணவர் வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம், ஆனால் கூடப் போகும் துணை முழுநேரம் வேலை செய்யலாம். இந்தச் செய்தி நைஜீரியாவிலிருந்து நம்மூர் டியூட்டரி வாசல் வரை பரவியது.

அடுத்த வருடம் நம் நாடு விழுந்தது. 2022இல் 200 ரூபாவாக இருந்த டொலர் 360ஐத் தாண்டியது. அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று ஜூன் மாதம் சுற்றறிக்கை வந்தது. எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே கதிரைகள் காலியாகின. ஒருவர் படிக்க, மற்றவர் டிபெண்டன்ட். லண்டனுக்கு வெளியே என்றால் கூடப் போகும் ஒவ்வொருவருக்கும் மாதம் 680 பவுண் வீதம் ஒன்பது மாதத்துக்கு, அதாவது 6,120 பவுண் வங்கியில் காட்ட வேண்டும். அன்றைய மதிப்பில் தலைக்கு 25 லட்சத்துக்கு மேல். காணி விற்றவர்கள் இருக்கிறார்கள். சீதன வீட்டை ஈடு வைத்தவர்கள் இருக்கிறார்கள். டிபெண்டன்ட் ஆகப் போவதற்காகவே பேசி முடித்த கல்யாணங்களும் நடந்தன. எல்லோரும் அறிந்ததுதான், விரித்து எழுதத் தேவையில்லை.

2019இல் பிரித்தானியா மாணவர் குடும்பத்தினருக்குக் கொடுத்த வீசாக்கள் சுமார் 16,000. 2022இல் சுமார் 136,000. மூன்று வருடத்தில் எட்டு மடங்குக்கு மேல். 2023 மே மாதம் அந்நாட்டு அரசு அறிவித்தது: 2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் படிப்புகளுக்கு, ஆய்வுப் பட்டம் செய்பவர்களும் அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்றவர்களும் மட்டுமே குடும்பத்தை அழைக்கலாம். சாதாரண ஒரு வருட முதுமாணிக்கு இல்லை.

இப்போது அந்தப் பிள்ளையின் ஃபைலுக்கு வருகிறேன். "பி.எஸ்.டபிள்யூ எடுத்ததும் கூப்பிடலாம்" என்பது ஏன் பிழை? கிராஜுவேட் வீசாவில் துணையாக இருக்க, மாணவர் வீசாக் காலத்திலேயே துணையாக அங்கே இருந்திருக்க வேண்டும். புதிதாக ஊரிலிருந்து கணவனை அழைக்க அந்த வீசாவில் வழியில்லை. திறன்மிகு தொழிலாளர் வீசாவுக்கு மாறினால் அழைக்கலாம்தான். ஆனால் அதற்கான பொதுச் சம்பள எல்லை 2024 ஏப்ரலில் 38,700 பவுணாகவும் 2025 ஜூலையில் 41,700 பவுணாகவும் உயர்ந்தது. படிப்பு முடித்த புதியவர்களுக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கிறார்கள், என்றாலும் அதுவும் கைக்கெட்டும் தொகை அல்ல. பராமரிப்பு வேலைக்கு மாறலாமே என்பார்கள். 2024 மார்ச் முதல் அந்த வேலைக்குப் போகிறவர்களும் குடும்பத்தை அழைக்க முடியாது. ஆக, ஏஜென்சி சொன்ன ஒரு வருடம் என்பது இரண்டோ மூன்றோ நாலோ. குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது.

மற்ற நாடுகளையும் கேட்பீர்கள். அவுஸ்திரேலியாவில் துணையை அழைக்கலாம். ஆனால் பின்னால் அழைப்பதாக இருந்தாலும் முதல் விண்ணப்பத்திலேயே கணவன், பிள்ளை எல்லோரையும் அறிவித்திருக்க வேண்டும். "தனி ஆள் என்று போட்டால் வீசா லேசு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பின்னால் அதுவே பூட்டாகும். கனடா 2024 மார்ச்சில் மாணவரின் துணைக்கான வேலை அனுமதியைப் பெரும்பாலும் முதுமாணி, கலாநிதிப் படிப்புகளோடு நிறுத்தியது. 2025 ஜனவரியில் முதுமாணியிலும் 16 மாதத்துக்குக் குறையாத படிப்பு என்று சுருக்கியது. அமெரிக்காவில் மாணவரின் துணைக்கான எஃப்-2 வீசா 1961இலிருந்து இருக்கிறது, ஆனால் அதில் வேலை செய்ய அனுமதி இல்லை.

கலீபா உமர் (ரழி) அவர்களைப் பற்றி ஓர் அறிவிப்பு நாம் எல்லோரும் பயானில் கேட்டதுதான். இரவில் மதீனாவின் தெருவில் நடந்து போகும்போது, போர்முனைக்குப் போன கணவனை நினைத்து ஒரு பெண் ஏங்குவதைக் கேட்டார்கள். மகள் ஹஃப்ஸா (ரழி) அவர்களிடம் போய், ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று கேட்டார்கள். அறிவிப்புகளில் நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் வருகிறது. அதற்கு மேல் படைவீரர்களை வைத்திருக்க வேண்டாம் என்று உத்தரவிட்டார்கள். அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, ஆட்சியாளர் தெரியாததைக் கேட்டார் என்பது. அதுவும் ஒரு பெண்ணிடம் கேட்டார்.

நாம் கேட்பதில்லை. 1997இல் நான் கேட்கவில்லை. இன்று கேட்கிறோம், ஆனால் ஏஜென்சியிடம் மட்டும் கேட்கிறோம்.

அன்று சட்டம் திறந்து வைத்திருந்த கதவை நாம் உள்ளே இருந்து பூட்டினோம். இன்று ஒரு மாப்பிள்ளை, மனைவி படிக்கட்டும், நான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு கூடப் போகிறேன் என்று தயாராக நிற்கிறான். நம் சமூகம் இவ்வளவு தூரம் வர ஒரு தலைமுறை எடுத்தது. வந்து பார்த்தால் கதவை வெளியே இருந்து பூட்டியிருக்கிறார்கள். ஆனால் சட்டம் 1962இலிருந்து எத்தனை தடவை மாறியிருக்கிறது என்று மேலே பார்த்தீர்கள். இதுவும் மாறும். நம் வீட்டுக்குள் திறந்த கதவை, வெளியே பூட்டியிருக்கிறது என்பதற்காகத் திரும்பவும் சாத்திவிடக் கூடாது.

இரண்டாம் நாள் அவர்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். இந்த வருடம் முற்பணம் கட்ட வேண்டாம். அரசாங்கப் புலமைப்பரிசில்களுக்கு, செவனிங், கொமன்வெல்த் போன்றவற்றுக்கு, விண்ணப்பியுங்கள். கிடைத்தால் குடும்பத்தோடு போக விதியில் இடமிருக்கிறது, கணவன், பிள்ளையின் செலவை மட்டும் நீங்கள் முன்கூட்டியே கணக்குப் பார்க்க வேண்டும். ஆய்வை முக்கியமாகக் கொண்ட முதுமாணிப் படிப்புகளையும் தேடுங்கள். எந்தப் படிப்பானாலும் பல்கலைக்கழகத்துக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதி, "இந்தப் படிப்புக்கு என் கணவரும் பிள்ளையும் என்னோடு வரலாமா" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். விதியை அந்த நாட்டு அரசின் இணையப் பக்கத்தில் நீங்களே வாசியுங்கள், விண்ணப்பிக்கும் நாளில் திரும்பவும் வாசியுங்கள்.

அவள் முகம் வாடித்தான் போனது. மாப்பிள்ளைதான் சொன்னார், "பரவாயில்ல சேர், ஒரு வருஷம்தானே, சேர்ந்தே ட்ரை பண்ணுவம்" என்று. உம்மாவின் நகை இந்தத் திங்கட்கிழமை அடகுக்குப் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

உள்ளே என் மனைவி அந்தக் குழந்தையை வைத்துக்கொண்டிருந்தார். போகும்போது அந்தப் பிள்ளையிடம், "அந்தக் கடிதத்தை மட்டும் கிழிச்சுப் போடாதே மகள்" என்றார்.

இதை வாசிப்பவர்களில் யார் வீட்டிலாவது இப்படி ஒரு ஃபைல் இருந்தால், காசு கட்ட முன் ஒருக்கா வாருங்கள். மஃரிபுக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன். துஆச் செய்யுங்கள்.